முகமும் பெயரும்: நாடறிந்தோர் உருவக்கூடங்கள்

1. உருவப்படக்கூடத்தின் வேலை

உருவப்படக்கூடம் என்பது ஒரு நாட்டின் வரலாற்றில் இடம்பெற்ற மனிதர்களின் முகங்களைத் திரட்டிக் காத்து, பெயரோடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நிறுவனம். மற்ற ஓவியக்கூடங்களில் ஓவியத்தின் சிறப்பே முதலில் பார்க்கப்படும். படத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வி பிறகுதான் வரும். உருவப்படக்கூடத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. படத்தில் இருப்பவர் நாட்டுக்கு என்ன செய்தார் என்பதை வைத்தே படம் உள்ளே வரும். வரைந்த கை தேர்ந்ததா, தேராததா என்பது இரண்டாவது கேள்வி.

இந்த விதியை எழுதி வைத்து நடந்த நிறுவனங்களில் முன்னோடி, லண்டன் தேசிய உருவப்படக்கூடம். பிலிப் ஹென்றி ஸ்டான்ஹோப் என்ற வரலாற்றாசிரியர் 1846-இலும் 1852-இலும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்த யோசனையை எழுப்பினார். இரண்டு முறையும் காரியம் கைகூடவில்லை. 1856-இல் பிரபுக்கள் சபையில் மூன்றாம் முறை எழுப்பியபோது ஏற்கப்பட்டது. தொடக்க நிதி 2,000 பவுண்டு. தாமஸ் கார்லைல், மெக்காலே ஆகியோர் அதற்குத் துணை நின்றனர். எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் பலவற்றைக் காட்டிலும் உண்மையான உருவப்படம் ஒன்று கூடுதலாகச் சொல்லும் என்பது கார்லைலின் கருத்து. 1834-இல் சென்னையில் வந்திறங்கி இந்தியக் கல்வியின் போக்கை மாற்றிய அதே மெக்காலேதான் இங்கே அறங்காவலராக இருந்தவர்.

அந்தக் கூடத்துக்கு முதலில் வந்து சேர்ந்த படம் ஷேக்ஸ்பியருடையது. எல்லெஸ்மியர் பிரபு கொடுத்தது. அது உண்மையில் ஷேக்ஸ்பியரின் முகம்தானா என்பது இன்றுவரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. ஆக, முதல் படமே உருவக்கூடத்தின் தலையாய வேலை எது என்பதைக் காட்டிவிட்டது: இந்த முகம் இன்னாருடையது என்று எந்தச் சான்றின் மேல் சொல்கிறோம்? கூடத்தின் முதல் பொறுப்பாளர் ஜார்ஜ் ஷார்ஃப் தம் பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். பிரபுக்களின் மாளிகைகளுக்குப் போய், தொங்கும் படங்களைக் குறிப்பேட்டில் பென்சிலால் பார்த்து வரைந்து, கண்ணின் நிறம், உடையின் அமைப்பு, படத்தில் எழுதியிருக்கும் எழுத்து, சட்டத்தின் பின்புறக் குறிப்பு என ஒவ்வொன்றையும் பதிந்துகொண்டார்.

தொடக்கத்தில் அரசரையும் அரசியையும் தவிர உயிரோடிருப்பவர் படத்துக்கு அங்கே இடமில்லை. இறந்து 10 ஆண்டு ஆன பிறகே ஒருவர் பெயர் கருதப்பட்டது. புகழ் நிலைக்கிறதா என்று காலத்திடம் விட்டுப் பார்க்கும் ஏற்பாடு அது. 1969-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. இன்றைய கட்டடம் 1896-இல் திறக்கப்பட்டது. எடின்பரோவில் 1889-இலும், வாஷிங்டனில் 1968-இலும் இத்தகைய கூடங்கள் திறக்கப்பட்டன. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் 2008-இல் தனிக் கட்டடமே எழுந்தது.

இந்தியாவில் இந்த வேலையை ஒரே நிறுவனம் செய்யவில்லை. கோயில் தூண்கள், அரண்மனைச் சுவர்கள், அருங்காட்சியகங்கள், சட்டமன்றம், தலைவர்கள் பிறந்த வீடுகள் எனப் பல இடங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி வட்டாரத்தைச் சுற்றி ஒருநாள் பயணத்தில் போய்வரக்கூடிய தொலைவிலேயே இவற்றில் தலையாய சில இருக்கின்றன. அவற்றைக் கால வரிசையில் பார்த்தால் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தெரியவரும். முகம் எவ்வளவு நன்றாகச் செதுக்கப்பட்டாலும், தீட்டப்பட்டாலும், பெயர் உடன் இல்லாவிட்டால் சில தலைமுறைக்குள் அது ஊர் பேர் தெரியாத உருவமாகிவிடுகிறது. பெயர் பொறித்த உருவமோ ஆயிரம் ஆண்டு கடந்தும் பேசுகிறது.

2. நடுகல்: பெயர் முந்தியது

தமிழ்நாட்டில் இறந்தவரை நினைவில் நிறுத்தும் மிகப் பழைய ஏற்பாடு நடுகல். தேனி மாவட்டம் ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், பட்ட வீரனுக்கு எடுக்கப்பட்டது. அந்தக் கல்லில் உருவம் கிடையாது. பெயர், ஊர், நிகழ்ச்சி ஆகிய மூன்றும் மட்டுமே இருக்கின்றன. முகம் இல்லாமலே அந்த மனிதன் இரண்டாயிரம் ஆண்டு அளவுக்கு நிலைத்துவிட்டான்.

பின்னர் பல்லவர் காலத்தில் எடுக்கப்பட்ட செங்கம் வட்டார நடுகற்களில் உருவமும் சேர்கிறது. வில்லும் வாளும் ஏந்தி வீரன் நிற்கிறான். மேலே அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் எதற்காக உயிர்விட்டான் என்ற செய்தி ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. முக அடையாளம் என்று பார்த்தால் ஒரு வீரனுக்கும் அடுத்த வீரனுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்துக் காட்டுவது எழுத்துதான். ஓர் உருவக்கூடத்தின் பெயர்ப்பலகையில் இன்று எவையெல்லாம் இருக்க வேண்டுமோ அவை அனைத்தும் இந்தக் கற்களில் இருக்கின்றன.

3. கோயிலுக்குள் வந்த முகங்கள்

மாமல்லபுரம் ஆதிவராகக் குடைவரையில் இரண்டு அரசர்கள் எதிரெதிரே இருக்கிறார்கள். ஒருவர் இருக்கையில் அமர்ந்திருக்க, இரு பக்கமும் அரசியர் நிற்கின்றனர். மற்றவர் நின்றபடி மூத்த அரசியின் கையைப் பற்றி, மறுகையால் கருவறைத் திசையைச் சுட்டுகிறார். மேலே கிரந்த எழுத்தில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயருடைய பல்லவர் ஒருவருக்கு மேல் இருந்ததால், எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று அறிஞர் வாதிடுகிறார்கள். பெயர் இல்லாதிருந்தால் அந்த வாதமே எழ இடமிருந்திருக்காது. யாரோ இரண்டு அரசர்கள் என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

கோனேரிராசபுரத்தில் சோழ அரசி செம்பியன் மாதேவி தம் கணவர் கண்டராதித்தரின் நினைவாகக் கற்றளி எடுத்தார். அங்கே ஒருவர் லிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடும் சிறு சிற்பம் இருக்கிறது. அது கண்டராதித்தர் வழிபடும் காட்சி என்று அடியில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. மனைவி கணவருக்கு எடுத்த நினைவுச் சின்னம் என்பதும், இறைவன் திருமுன் அவரை என்றென்றும் இருத்திவிட வேண்டும் என்ற விருப்பமும் அந்தச் சில வரிகளால்தான் தெரிய வருகின்றன.

இதற்கு மாறான நிலையைத் தஞ்சாவூரில் காணலாம். முதலாம் இராசராசனுக்கும் அரசி உலோகமாதேவிக்கும் செப்புப் படிமங்கள் எடுத்ததைப் பெரிய கோயில் கல்வெட்டு பதிந்திருக்கிறது. எடுத்தவர் கோயில் நிருவாகம் பார்த்த ஆதித்தன் சூரியன். ஆவணம் கல்லில் பத்திரமாக இருக்க, படிமங்கள் இடம்பெயர்ந்தன. அகமதாபாத்தில் தனியார் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த இரண்டு படிமங்களை 2018-இல் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு மீட்டுத் தஞ்சைக்குக் கொண்டுவந்தது. அவை கல்வெட்டில் சொல்லப்பட்டவையே என்பதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. பெயர் ஓரிடத்திலும் உருவம் வேறிடத்திலும் பிரிந்துபோனால் இரண்டையும் மறுபடி பொருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று. திருமலையில் கிருஷ்ணதேவராயரும் திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய இரு அரசியரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகளில் இந்தச் சிக்கல் எழவில்லை. பெயர்கள் சிலைகளின் மேலேயே வெட்டப்பட்டிருக்கின்றன.

அரசர்களுக்கு மட்டுமே உருவம் எடுத்தார்கள் என்ற எண்ணத்தைச் சிதம்பரம் வடக்குக் கோபுரம் திருத்துகிறது. அங்கே கட்டடம் எழுப்பிய சிற்பிகளின் உருவங்கள் பெயரோடு இருக்கின்றன. விருத்தகிரியைச் சேர்ந்த கேசவப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, காரணாசாரி எனக் கைவினைஞரின் ஊரும் உறவும் சொல்லி அறிமுகம் செய்கிறது அந்த எழுத்து. ஆயிரக்கணக்கான கோயில்களை எழுப்பிய கைகளுள் முகமும் பெயரும் சேர்ந்து நமக்குக் கிடைத்தவை மிகச் சில. அதனால் இந்த உருவங்களின் மதிப்பு எந்த அரசர் சிலைக்கும் குறைந்ததில்லை.

4. புதுமண்டபம்: வரிசையாக நிற்கும் அரச குடும்பம்

தனித்தனி உருவங்களைத் தாண்டி, ஒரு குலத்தின் முகங்களை ஒரே கூடத்தில் வரிசையாக நிறுத்தும் எண்ணம் தமிழ்நாட்டில் முழு வடிவம் பெற்றது மதுரைப் புதுமண்டபத்தில். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) வசந்த விழாவுக்காக எழுப்பிய நீண்ட கல்மண்டபம் அது. வைகாசி வெயிலில் சுவாமியும் அம்மனும் வந்து தங்குவதற்காகக் கட்டியது. குளிர்ச்சிக்காகச் சுற்றிலும் தண்ணீர் நிற்கும் பள்ளமும் இருந்தது. நான்கு வரிசைத் தூண்கள் மண்டபத்தை நீளவாக்கில் மூன்று நடைகளாகப் பிரிக்கின்றன. மேற்குக் கோடியில் பளபளக்கும் கருங்கல்லால் ஆன சிறு மண்டபம் இருக்கிறது; விழாவில் சுவாமி எழுந்தருளும் இடம் அதுவே.

நடு நடையின் இரு மருங்கிலும் உள்ள தூண்களில் நாயக்க அரசர்கள் பத்துப் பேர் ஏறக்குறைய ஆள் உயரத்தில் நிற்கிறார்கள். மதுரை நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாதரில் தொடங்கி மண்டபம் கட்டிய திருமலை வரை வரும் வரிசை இது. எல்லாரும் உள்நோக்கித் திரும்பி, கைகூப்பி நிற்கிறார்கள். இடுப்பில் குத்துவாள், காதில் கனத்த அணி, மடிப்பு மடிப்பாக இறங்கும் ஆடை, பக்கத்தில் அளவில் சிறிய அரசியர். விழா நாளில் சுவாமி நடு நடை வழியே வரும்போது அந்தக் குடும்பமே இரு பக்கமும் நின்று வரவேற்கிறது. ஆட்சி செய்தவர்கள் இங்கே கட்டளையிடும் கோலத்தில் இல்லை; வணங்கும் கோலத்தில் நிற்கிறார்கள். ஐரோப்பிய அரச உருவப்படங்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புலப்படும். அங்கே அரசர் பார்ப்பவரை நோக்குகிறார். இங்கே பார்ப்பவரைக் கடந்து தெய்வத்தை நோக்குகிறார்.

திருமலை நாயக்கரை அடையாளம் காண்பது எளிது. தலைக்கு மேல் விதானம் அவருக்கு உண்டு. பருத்த உடல், முன்தள்ளிய வயிறு, திரண்ட தோள். சாமுத்திரிகா லட்சணப்படி அமைந்த பொதுவான ஆண் வடிவம் அன்று இது. சிற்பி ஒரு குறிப்பிட்ட மனிதரைக் கண்ணால் பார்த்து, அவர் உடலை உள்ளபடியே கல்லில் இறக்கியிருக்கிறார். திருமலை நாயக்கரின் உருவம் ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளிட்ட கோயில்களிலும் இருக்கிறது. அந்த உடல்வாகும் அதே கூப்பிய கைகளும் ஊர் ஊராக அவரை அறிவிக்கின்றன.

அவர் அருகே நிற்கும் அரசியின் தொடையில் ஒரு பின்னம் இருக்கிறது. அதைச் சுற்றி மதுரையில் கதைகள் வழங்குகின்றன. சிற்பி செதுக்கும்போது அந்த இடத்தில் சில்லு பெயர்ந்தது; அரசிக்கு அங்கே மச்சம் இருப்பதால் கல் தானே அப்படி அமைந்தது, விட்டுவிடுங்கள் என்று அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் சொன்னார்; அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அரசர் சினந்தார் என்பது ஒரு கதை. அரசி தஞ்சை இளவரசி, பிறந்த வீட்டுப் பெருமை பேசியதால் அரசர் குத்துவாளை எறிந்தார் என்பது மற்றொரு கதை. வரலாறாக இவற்றை ஏற்க இடமில்லை. ஆனால் பார்த்த மக்கள் அந்தச் சிலையை ஒரு பெண்ணின் மெய்யான உருவமாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதை இரண்டு கதைகளும் காட்டுகின்றன. உருவம் ஒத்திருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் இத்தகைய கதை பிறக்காது.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை நிற்கிறது. திருமலையை விட்டுவிட்டால், மற்ற ஒன்பது முகங்களுள் எது யாருடையது என்பதற்கு நிற்கும் வரிசையே முதன்மைச் சான்று. நாயக்க அரசர் பட்டியல்கள் எல்லாம் ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போவதில்லை. இணையாட்சி செய்தவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். பெயர் வரிசை மாறினால் முகங்களின் பெயரும் மாறிவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த மண்டபம் வெளிநாட்டாரின் கவனத்தைப் பெற்றது. ஆடம் பிளாக்காடர் என்ற மருத்துவர் மண்டபத்தைப் பற்றி எழுதி, வரைபடங்களோடு லண்டனுக்கு அனுப்பினார். தாமஸ் டேனியல் தீட்டிய காட்சியும் அச்சாகிப் பரவியது. உள்ளூர் மக்களுக்கோ அது நெடுங்காலம் கடைவீதியாகவே இருந்தது. தையல் இயந்திரங்களின் ஓசையும், புத்தகக் கடையும், வளையல் கடையும், பாத்திரக் கடையும் தூண்களுக்கிடையே நிறைந்திருந்தன. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போனவர்கள் சாமி உடை தைக்கவும் பாடப்புத்தகம் வாங்கவும் அங்கே நுழைந்திருப்பார்கள். துணி மூட்டைக்குப் பின்னால் நிற்பது ஒரு நாயக்க அரசர் என்பது பலர் கண்ணில் பட்டிருக்காது. அண்மையில் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. முகங்கள் இப்போது பார்வைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயரும், அந்தப் பெயர் எவ்வளவு உறுதியானது என்ற குறிப்பும் இருக்குமானால் மண்டபம் முழுமையான உருவக்கூடமாகிவிடும்.

5. ராமலிங்க விலாசம்: எழுதிக் காட்டிய ஓவியம்

திருச்சுழியிலிருந்து கிழக்கே போனால் சேதுபதிகளின் ராமநாதபுரம். அங்கே கிழவன் சேதுபதி காலத்து ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவர்களை முத்து விஜயரகுநாத சேதுபதி (ஆட்சி 1713–1725) காலத்து ஓவியங்கள் நிறைத்திருக்கின்றன. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இந்தச் சுவர்களில் சேதுபதி ஒரே மனிதராகப் பல நிலைகளில் திரும்பத் திரும்ப வருகிறார். ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து செங்கோல் பெறுகிறார். ஐரோப்பிய வணிகரைச் சந்திக்கிறார். அந்தப்புரத்தில் ஓய்வாக இருக்கிறார். தஞ்சை மராத்தியரோடு நடந்த போரில் குதிரைகளும் பீரங்கிகளும் எதிரெதிரே நிற்கின்றன. புதுமண்டபத் தூணில் அரசர் கைகூப்பி மட்டுமே நின்றார்; இங்கே சேதுபதி அன்றாட வாழ்வும் ஆட்சியும் உள்ளவராகத் தெரிகிறார்.

இந்த ஓவியங்களின் பெரும்பயன் அவற்றின் எழுத்தில் இருக்கிறது. காட்சியின் அருகிலேயே தமிழிலும் தெலுங்கிலும் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. இரண்டு மொழியில் எழுதியதால், அரண்மனைக்கு வருவோர் எவராயினும் படித்தறியட்டும் என்ற நோக்கம் ஓவியருக்கோ அரசருக்கோ இருந்திருக்கிறது. சுண்ணச்சாந்து உதிர்ந்து முகம் மங்கிய இடத்திலும் எழுத்து எஞ்சியிருந்தால் காட்சியை மீட்டுச் சொல்ல முடிகிறது. புதுமண்டபத்தில் இல்லாதது ராமநாதபுரத்தில் இருக்கிறது.

6. எண்ணெய்ச் சாயமும் சென்னையும்

கித்தானில் எண்ணெய்ச் சாயத்தால் முகம் தீட்டும் முறை ஆங்கிலேயரோடு சென்னைக்கு வந்தது. 1769-இல் சென்னை வந்த டில்லி கெட்டில், அவருக்குப் பின் ஜார்ஜ் வில்லிசன் ஆகியோர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவை முழு உருவத்தில் வரைந்தனர். கோயிலில் நிற்கும் சிலையை இடம் மாற்ற இயலாது. கித்தானோ கப்பல் ஏறும். நவாப் தம் படங்களைப் பரிசாக அனுப்பி அரசியல் உறவு தேடினார்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு தம் உருவத்தைப் பளிங்கில் செய்வித்தார். அரண்மனையில் உள்ள அந்த வெண்சிலையும் கைகூப்பியே நிற்கிறது. தம் ஆசிரியர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் இறக்கும் தறுவாயில் தாம் அருகிருந்த காட்சியையும் ஃபிளாக்ஸ்மனிடமே செதுக்கச் சொல்லித் தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார். அரசர் ஒருவர் தம் ஆசிரியருக்கு எடுத்த நினைவுருவம் என்ற வகையில் அது தனித்து நிற்கிறது.

சென்னையில் 1802-இல் முடிந்த விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் உருவக்கூடமாகவே இருந்தது. அரசர், ஆளுநர், படைத்தலைவர் படங்கள் உயரமான சுவர்களில் வரிசையாகத் தொங்கின. அவற்றில் பல இன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில் இருக்கின்றன. 1948-இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் நாட்டை ஆண்டவர்களின் முகங்களைக் காட்டுகிறது. ஆளப்பட்டவர்களின் முகங்களுக்கு அங்கே இடம் குறைவு.

இந்தக் குறையைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்றுண்டு. தாமஸ் ஹிக்கி 1816-இல் சென்னையில் தீட்டிய காலின் மெக்கன்சியின் உருவப்படம் அது; இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தென்னாட்டு நிலத்தை அளந்து, ஊர்தோறும் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டிய மெக்கன்சி சிவப்புச் சீருடையில் நடுவில் நிற்கிறார். சுற்றி மூன்று இந்தியர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, ஒருவர் கையில் தொலைநோக்கி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் படித்து மெக்கன்சிக்குப் பொருள் சொன்னது அவரிடம் பணியாற்றிய இத்தகையோரே. படத்தின் தலைப்பிலோ மெக்கன்சியின் பெயர் மட்டுமே நின்றது. மற்றவர் யார் யார் என்பதை ஆய்வாளர் பிற ஆவணங்களைக் கொண்டு ஊகிக்க வேண்டியதாயிற்று. ஒரே கித்தானில் அருகருகே இருந்தும் ஒருவர் வரலாற்றில் நின்றார். மூவர் ‘உதவியாளர்’ ஆயினர்.

எண்ணெய்ச் சாய முறையை நம்மவர் விரைவில் தமதாக்கிக்கொண்டனர். மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குப் போன அழகிரி நாயுடு, அவர் வழியில் வந்த ராமசாமி நாயக்கர் ஆகியோர் அங்கே பெயர்பெற்ற ஓவியர்கள். அந்தச் சூழலில் வளர்ந்த ராஜா ரவிவர்மா (1848–1906) 1878-இல் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் படத்தைத் தீட்டினார். ஆளுநரை இந்தியர் ஒருவர் எதிரே அமர்த்தி வரைந்தது அக்காலத்தில் பேசப்பட்ட செய்தி. ரவிவர்மாவின் ஓவியங்கள் சில எழும்பூர் தேசிய ஓவியக்கூடத்தின் தொகுப்பில் உள்ளன. 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடம் 1951-இல் தேசிய ஓவியக்கூடமானது. பெயரில் தேசியம் இருந்தாலும் அதன் பொருள் பொதுவான ஓவியக்கலை. நாடறிந்தோர் முகங்களைத் திரட்டும் பணி அதனுடையதன்று.

7. பேரவையும் கடற்கரையும்: தேர்வு செய்வது யார்?

விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டில் உருவப்படத்துக்கு மிக உயர்ந்த பொது இடம் சட்டப்பேரவை மண்டபம். திருவள்ளுவர், காந்தி, ராஜாஜி, காமராசர், பெரியார், அண்ணா, எம்.ஜி.ஆர்., அம்பேத்கர், முத்துராமலிங்கத் தேவர், காயிதே மில்லத் ஆகியோர் படங்கள் அங்கே இருந்தன. பதினோராவதாக ஜெயலலிதாவின் படம் 2018-இல் திறக்கப்பட்டது. பெண் ஒருவரின் படம் அந்தச் சுவரில் ஏறியது அப்போதுதான். கருணாநிதியின் படம் 2021-இல் சேர்ந்தது. லண்டனில் அறங்காவலர் குழு செய்யும் தேர்வை இங்கே ஆட்சியும் அவையும் செய்கின்றன. அதனால் இந்த வரிசை, தமிழ்நாட்டு அரசியல் எந்தக் காலத்தில் யாரை முன்னோராக ஏற்றது என்பதன் பதிவாகவும் அமைந்துவிட்டது.

இந்த வரிசையில் திருவள்ளுவர் படம் தனி வகை. அவரை நேரில் பார்த்து வரைந்த படமோ அவர் காலத்துச் சிலையோ கிடையாது. ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா நெடுங்காலம் சிந்தித்து அந்த உருவத்தைத் தீட்டினார். குடியரசுத் துணைத் தலைவர் ஜாகிர் உசேன் 1964-இல் அதைப் பேரவையில் திறந்து வைத்தார். பள்ளி, பேருந்து, அரசு அலுவலகம் எங்கும் பரவி, இன்று அது வள்ளுவரின் முகமாகவே மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலைகளிலும் கற்பனை உருவம், பார்த்துச் செய்த உருவம் என இரு வகையும் கலந்திருக்கின்றன. ஔவையார், கம்பர், இளங்கோ முகங்கள் சிற்பிகளின் கற்பனை; ஜி. யு. போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. முகங்கள் படங்களைப் பார்த்துச் செய்தவை. கற்பனை உருவம் குறையுடையது என்று தள்ள வேண்டியதில்லை. ஒரு சமூகம் தன் முன்னோரை எப்படிக் காண விரும்பியது என்பதற்கு அதுவும் ஆவணமே. எது கற்பனை, எது பார்த்து வரைந்தது என்று பலகையில் எழுதி வைப்பதுதான் நேர்மை.

8. கரிசல் சீமை: ஒளிப்படமும் பிறந்த வீடும்

ஒளிப்படம் வந்தபின் உருவம் அரசர் வீட்டுச் சொத்தாக இருக்கும் நிலை மாறியது. அந்த மாற்றத்தை அருப்புக்கோட்டை வட்டாரமே நன்கு காட்டும்.

குண்டாற்றங்கரைத் திருச்சுழியில் 1879-இல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் ரமணாசிரமத்தால் பேணப்படுகிறது. 1896-இல் அண்ணாமலைக்குப் போனவர் 1950-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இளந்துறவிப் படம் முதல் 1946-இல் ஜி. ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம் வரை, அவர் முதுமை எய்தியதை ஆண்டு வாரியாகத் தொடர முடிகிறது. ஆசிரமம் படங்களை எடுத்தவர் பெயரோடும் காலத்தோடும் காத்ததே இதற்குக் காரணம். அரசர் எவருக்கும் இவ்வளவு தொடர்ச்சியான உருவப்பதிவு தமிழ்நாட்டில் இல்லை.

பந்தல்குடியிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் தெற்கே போனால் எட்டயபுரம். 1882-இல் அங்கே பிறந்த பாரதியாருக்கு நிலைமை நேர்மாறு. அவருடைய ஒளிப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1919-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்தாரோடு எடுத்தது அவற்றில் ஒன்று. ரா. அ. பத்மநாபன் படங்களையும் சான்றுகளையும் தேடித் திரட்டி ‘சித்திர பாரதி’ நூலை 1957-இல் வெளியிட்டார். எந்தப் படம் எந்த ஊரில் எந்தச் சூழலில் எடுத்தது என்று ஒருவர் முனைந்து தேடியதால்தான் அந்தச் சில படங்களும் அடையாளத்தோடு நமக்குக் கிடைத்தன. ஷார்ஃப் லண்டனில் செய்த வேலையை இங்கே ஒரு பத்திரிகையாளர் செய்தார். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், கல்கியின் முயற்சியால் 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும், விருதுநகரில் காமராசர் வாழ்ந்த வீடும் இந்தச் சீமையின் உருவக்கூடங்களாக விளங்குகின்றன.

பெரியோர் படத்துக்கு வந்த இந்தப் பாதுகாப்பு மற்றவர் படத்துக்கு வரவில்லை. அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளிலும், பருத்தியும் மல்லியும் விளையும் கரிசல் ஊர்களிலும், சுவரில் சட்டமிட்ட பழைய படங்கள் இருக்கின்றன. ஸ்டுடியோத் திரைக்கு முன் நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் நின்றபடி ஆச்சி. கண்ணாடியில் பொட்டு, மேலே மாலை. ஊருக்குக் கண்மாய் மராமத்து செய்தவர், முதல் பள்ளிக்கூடம் வைத்தவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, கூத்துக் கட்டியவர், சங்கம் கண்ட நெசவாளி எனப் பலரின் முகம் இப்படித் தனி வீட்டுச் சுவரில் மட்டும் உள்ளது. படத்தில் இருப்பவரை அறிந்த கடைசி ஆள் போனதும் பெயர் போகும். வீடு இடித்துக் கட்டும்போது படமும் போகும். வெக்கை தாங்காமல் தாள் சுருள்வதும், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதும், பூச்சி அரிப்பதும் அதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடும்.

9. பெயர்ப்பலகையில் இருக்க வேண்டியவை

மேலே கண்ட இடங்கள் அனைத்தும் சேர்ந்து, ஓர் உருவக்கூடத்துக்கு எவை இன்றியமையாதவை என்பதைத் தெரிவிக்கின்றன. முதலாவது, பெயரும் ஊரும் காலமும். நடுகல் இதைக் கற்பித்தது. இரண்டாவது, உருவம் நேரில் பார்த்துச் செய்ததா, படத்தைப் பார்த்துச் செய்ததா, கற்பனையா என்ற குறிப்பு. வள்ளுவர் படம் இதன் தேவையை உணர்த்துகிறது. மூன்றாவது, அடையாளம் எந்தச் சான்றால் உறுதியாகிறது என்பது. புதுமண்டபத்து ஒன்பது முகங்களும் இதற்காகக் காத்திருக்கின்றன. நான்காவது, படத்தில் உள்ள அனைவரின் பெயர். மெக்கன்சியின் உதவியாளர்களுக்கு மறுக்கப்பட்டது இதுவே. ஐந்தாவது, செதுக்கியவர், தீட்டியவர், எடுத்தவர் பெயர். சிதம்பரத்துச் சிற்பிகள் இதைத் தாமே பெற்றுக்கொண்டார்கள். ஆறாவது, உருவம் எங்கிருந்து, யார் கையிலிருந்து வந்தது என்ற வரலாறு. தஞ்சைப் படிமங்களின் சிக்கல் இது இல்லாமையால் வந்தது.

இவற்றில் எதற்கும் பெருங்கட்டடமோ பெருநிதியோ முன்தேவையில்லை. பழைய படத்தைச் சட்டத்தை உடைக்காமல் நல்ல வெளிச்சத்தில் நகல் எடுக்கலாம். பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எண்ணி, வீட்டுப் பெரியவரிடம் பெயர் கேட்டு எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறிக்க வேண்டும். எழுத்தைப் படத்தின் மேல் எழுதாமல் தனித் தாளில் எழுதி, நகலோடு சேர்த்து வைக்க வேண்டும். மூலப்படம் அந்தந்த வீட்டிலேயே இருக்கலாம். நகலும் குறிப்பும் ஊர்ப் பள்ளியிலும் கிளை நூலகத்திலும் இரு இடங்களில் இருந்தால் ஒன்று அழிந்தாலும் மற்றது நிற்கும்.

தேசிய உருவக்கூடம் என்று ஒன்று இந்தியாவில் என்றேனும் எழுமானால், அதற்கு வேண்டிய முகங்களைத் தருவது இத்தகைய ஊர்த் தொகுப்புகளே. தலைநகரில் கட்டடம் பிறகு எழலாம். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதப்பட வேண்டியது பெயர்.